ஆங்கிலப் பெருந்தொகைச் சொல்லிணைகள்: அளவும் மதிப்பீடும்

ஆங்கிலத்தில் மிகுதியை உணர்த்தும் தொடர்களுள் பல, பெயரடையும் பெயருமாகவோ, தொகுதியைக் குறிக்கும் பெயரும் அதைத் தொடரும் மற்றொரு பெயருமாகவோ இணைந்தே வழங்குகின்றன. இவ்வாறு இரு சொற்கள் தற்செயலாக நேரக்கூடியதைவிட மிகுதியாகச் சேர்ந்து வரும் வழக்கைச் சொல்லிணை என்பர். 1933இல் ஹெரால்ட் பாமர் தோக்கியோவில் ஆங்கிலச் சொல்லிணைகளைக் கற்பித்தல் நோக்கில் தொகுத்து அறிக்கையாக வெளியிட்டார்; 1951இல் ஜே. ஆர். ஃபெர்த், சொல்லிணையும் பொருள் தரும் ஒரு தளமே என்ற கருத்தை முன்வைத்தார். பெருந்தொகைச் சொல்லிணையின் முதற்சொல் அளவைக் கூறவே வருவதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும், அச்சொல்லை முதலில் தீர்மானிப்பது அதனோடு சேரும் பெயர், அடுத்துத் தீர்மானிப்பது பேசுவோரின் மதிப்பீடு, அளவுக்குக் கிடைப்பது மூன்றாம் இடமே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

எண்ணத்தக்கவற்றுக்குரிய 'நம்பர்', எண்ண இயலாதவற்றுக்குரிய 'அமௌன்ட்' ஆகிய இரண்டும் 'லார்ஜ்' என்னும் அடையை ஏற்கின்றன. வீதத்தையும் விழுக்காட்டையும் குறிக்கும் 'ரேட்', 'பர்சென்டேஜ்' என்பன 'ஹை' என்பதையும், வகைமையைக் குறிக்கும் 'வெரைட்டி' என்பது 'வைட்' என்பதையும் நாடுகின்றன. எண் பருமனாகவும், வீதம் ஏணிப்படிபோல் உயர்வதாகவும், வகைமை பரப்பாகவும் கருதப்படுவதால் இப்பங்கீடு இயல்பானதே என்று வாதிடலாம். அவ்வாதம் ஓரளவுக்கே பொருந்தும். மழைக்கும் சாலைப் போக்குவரத்துக்கும் எடையைக் குறிக்கும் 'ஹெவி' அடையாகும்போது, சாலையோரத்தில் திரளும் கூட்டத்துக்கு 'லார்ஜ்' என்பதே வழக்காக இருப்பதை உருவகம் மட்டும் விளக்கிவிடாது. 1966இல் எம். ஏ. கே. ஹாலிடே, தேநீருக்கு 'ஸ்ட்ராங்' பொருந்துவதையும், ஏறத்தாழ அதே பொருளுடைய 'பவர்ஃபுல்' பொருந்தாமையையும் காட்டி, சொற்சேர்க்கையை இலக்கண விதியால் மட்டும் விளக்க முடியாது என்று வாதிட்டதும் இத்தகைய இடைவெளியைக் கருதியே.

அளவுக்கு மூன்றாம் இடம் என்பதற்கு 'வாஸ்ட் மெஜாரிட்டி' என்னும் தொடர் தக்க சான்று. நூற்றில் ஐம்பத்தொன்றும் பெரும்பான்மையே என்பதால், அந்த நூலிழை வேறுபாட்டை விலக்கவே 'வாஸ்ட்' சேர்கிறது. எனினும் அது குறிப்பது எழுபதா, தொண்ணூறா என்பதைத் தொடர் சொல்வதில்லை. தன் கூற்றை மறுக்க இடமில்லை என்னும் உறுதியையே எழுதுவோர் அதன்வழிப் பெறுகின்றனர். எண்ணைத் தர வேண்டிய ஆய்வுரையில் இத்தொடர் வரும்போது, சான்றின் இடத்தை வற்புறுத்தல் பிடித்துக்கொள்கிறது.

தொகுதிப் பெயர்களில் மதிப்பீடு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. செல்வத்தைக் குறிக்கும் 'வெல்த்', அனுபவம், தகவல் போன்ற விரும்பத்தக்கவற்றோடு சேர்கிறது. ஆற்று வெள்ளத்தைக் குறித்த 'ஸ்பேட்', திருட்டு, தாக்குதல் போன்றவற்றோடும், பீரங்கித் தொடர்தாக்குதலைக் குறிக்கும் 'பராஜ்', கண்டனம், கேள்வி போன்றவற்றோடும் பெரிதும் வருகின்றன. வழக்கமான துணைச்சொற்களின் நன்மை தீமை ஒரு சொல்லின்மேல் படிவதை, 1993இல் பில் லௌ வெளியிட்ட கட்டுரை வழியே பரவிய கலைச்சொல்லைத் தழுவி, பொருட்சாயல் எனலாம். ஒரே எண்ணிக்கையிலான புகார்களை 'லார்ஜ் நம்பர்' என்பவர் எண்ணிக்கையை மட்டும் கூறுகிறார். 'பராஜ்' என்பவர், புகார் பெற்றவரைத் தாக்குதலுக்கு உள்ளானவராகவும் காட்டிவிடுகிறார்.

இச்சாயல் சொல்லின் அகராதிப் பொருளில் அடங்குவதில்லை; பெருந்திரளான எழுத்தையும் பேச்சையும் கணினியில் தொகுத்த மொழித்தரவகத்தில், ஒரு சொல்லின் வரவுகளை வரிசையாக வைத்து நோக்கும்போதே புலப்படுகிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது. தமிழ் மாணவர்க்கான ஆங்கில–தமிழ் அகராதிகள் 'லார்ஜ்', 'ஹை', 'ஹெவி', 'வாஸ்ட்' ஆகியவற்றுக்குப் 'பெரிய', 'மிகுந்த' என்று பொருள் தருவதோடு நின்றால், எது எதனோடு சேரும் என்பதை மாணவர் ஊகிக்கவே நேரும். ஆகவே, ஒவ்வோர் அடையின்கீழும் அது சேரும் பெயர்களையும் அதன் சாயலையும் எடுத்துக்காட்டுத் தொடர்களுடன் பதிவு செய்வது அகராதித் தொகுப்பாளரின் கடமையாகும்.