வெடிமருந்தும் வேகமானியும்: திருகோணமலைக் கோட்டைகளை முன்னிறுத்திய ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து அதனைக் கைப்பற்றினர். அவ்வாண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதனைப் பறித்தார். 1795இல் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆயின், பிரட்றிக், ஒஸ்ரன்பேர்க் கோட்டைகளின் பீரங்கிகளில் இட்ட மருந்தின் வலு எவ்வாறு அறியப்பட்டது என்னும் வினாவும் வரலாற்றுக்குரியதே.

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவையே அக்கால வெடிமருந்து. கடற்காற்றின் ஈரம் பட்டால் அதன் வலு குன்றும். எனவே ஒரே நிறை மருந்து என்றும் ஒரே வேகத்தைத் தருவதில்லை. குண்டு விழுந்த இடத்தை மட்டும் நோக்குபவர், பிழை மருந்தினதா, குழலின் சாய்வினதா, காற்றினதா எனப் பிரித்தறிய இயலாது.

இச்சிக்கலுக்கு வழி கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ். தொங்கவிட்ட கட்டையிற் குண்டைப் பாய்ச்சி, அதன் ஊசலாட்டத்திலிருந்து வேகத்தைக் கணிக்கும் முறையை அவர் 1742இல் வெளியிட்டார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராகக் கோட்டைகளைச் சீர்செய்ய வந்து, 1751இல் கடலூர் சென்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். அளவை அறிவியல் வாணிக ஆதிக்கத்தோடு கைகோத்தே நம் கரைகளை அடைந்தது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1860களில் பெல்சிய அதிகாரி லெ பூலாஞ்சே மின்விசையால் இயங்கும் வேகமானியை அமைத்தார். குண்டு இரு கம்பித் திரைகளை அறுத்துச் செல்லும் இடைவேளையை, விழும் கோலில் பதிந்த குறி காட்டிற்று. இருபதாம் நூற்றாண்டில் திருகோணமலையைக் காத்த கரையோரப் பீரங்கிகளும் இத்தகைய அளவீடுகளையே சார்ந்திருந்தன. குழல் தேய்ந்தால் வேகம் குறையும். மருந்தின் வெப்பம் ஏறினால் வேகம் மிகும். பீரங்கியருகே நின்ற வீரனுக்கு வேகமானி வேண்டியிருக்கவில்லை. பிறர் தொலைவில் அளந்து அட்டவணையாக்கிய முடிவே அவன் கையில் இருந்தது.

வெற்றுறைகளில் மருந்தை மீள நிரப்பித் தாமே தோட்டா ஆக்குவோருக்கு வேகமானி இன்றியமையாததா என்று இன்று எழும் வினாவுக்கும் இங்கேயே விடையுண்டு. பிறர் சோதித்த அளவை மாற்றாது பின்பற்றுபவர், அவ்வீரனைப் போல, கருவியின்றியும் சுடலாம். மருந்தையோ குழலையோ மாற்றி ஒப்பிடுபவரோ, ஆயுதசாலையின் பணியையும் தாமே ஏற்கிறார். தராசு மருந்தின் நிறையையும், இலக்கின் துளைகள் விளைவையும் காட்டும். இரண்டையும் இணைப்பது வேகமே. எனினும் வேகமானி குழலினுள் எழும் அழுத்தத்தை நேரே அளப்பதில்லை. வேகம் குறைந்தது கண்டு, சோதித்து வகுத்த எல்லைக்கு மேல் மருந்தைக் கூட்டுதல் உயிருக்கே ஊறு விளைக்கும்.

1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்தது. பீரங்கிகள் எவருடையவை என்பதோடு, அளவுகோல் எவர் கையில் இருந்தது என்பதையும் ஆராயும்போதே ஆதிக்கத்தின் வரலாறு முழுமை பெறும் என்பது நம் கருத்து.