மோரே: பர்மா வாசலில் நின்றுபோன தமிழர்கள்

ஓசூர்ல இருந்து பஸ் ஏறினா ஜூஜூவாடி தாண்டியதும் அத்திப்பள்ளி. கடை போர்டு கன்னடத்துக்கு மாறும், அவ்வளவுதான் எல்லை. காலையில போய் சாயங்காலம் திரும்புற ஆயிரக்கணக்கானவர்கள் அதை எல்லைன்னே நினைக்கிறதில்லை. ஆனால், ஒரு கேட் மூடினால் சோற்றுக்கே திண்டாடும் தமிழர்கள் இந்தியாவின் இன்னொரு மூலையில் இருக்கிறார்கள். ஊர் பேர், மோரே.

மணிப்பூர் தலைநகர் இம்பாலிலிருந்து சுமார் 110 கி.மீ. மலைப்பாதையில் போனால் இந்தியாவின் கடைசி ஊர் இதுதான். ஊருக்குள் குஜைரோக் ஆறு ஓடுகிறது. எட்டி நடந்தால் மியான்மரின் நம்பாலாங் சந்தை, அதைத் தாண்டி தமு நகரம். 2011 கணக்கெடுப்பின்படி மோரேயின் மக்கள்தொகை 17,000-க்கும் கொஞ்சம் குறைவு. அதற்குள் குக்கி, மெய்தி, நேபாளி, பஞ்சாபி, தமிழர் எல்லாரும் அடக்கம். ஒரு தமிழ்ச் சங்கமும், அங்காள பரமேஸ்வரி கோயிலும் உண்டு. இட்லி, தோசையும் கிடைக்கும்!

இவ்வளவு தூரத்துக்குத் தமிழர்கள் எப்படி வந்தார்கள்? வேலை தேடிப் போய் அல்ல. 1962-ல் பர்மாவில் ஜெனரல் நே வின் ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டு வருடங்களில் கடைகள், தொழில்கள் தேசியமயமாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியவர்களில் பலர் அகதி முகாம்களுக்குப் போனார்கள். பர்மா பஜாரும் அதன் எதிரே விற்கிற அத்தோவும் அவர்கள் கொண்டுவந்தவைதான்.

ஆனால் எல்லாருக்கும் தமிழ்நாடு ஒட்டவில்லை. பிறந்தது, வளர்ந்தது, பேசியது எல்லாம் பர்மாவில். சொந்த ஊர்னு சொல்லப்பட்ட இடத்தில் தெரிந்த முகமே இல்லை. சிலர் தரைவழியாகவே திரும்பிப் போய்விடலாம் என்று கிளம்பினார்கள். பர்மா அவர்களை உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் மனசில்லாமல், கேட்டுக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். தமிழ் மோரே பிறந்தது அப்படித்தான்.

அந்த வழி அதற்கு முன்பே தமிழர் கால் பட்டதுதான். 1942-ல் ஜப்பான் படைக்குத் தப்பி பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் பலர் தமு வழியாகத்தான் வந்தார்கள். வழியிலேயே செத்தவர்களும் ஏராளம்.

பர்மீஸ், மெய்தி, இந்தி என்று பேசத் தெரிந்த தமிழர்களுக்கு வியாபாரம் கைகொடுத்தது. 1994-ல் இரு நாட்டு எல்லை வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1995 ஏப்ரல் 12-ல் மோரே வழியாக வர்த்தகம் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. காலையில் அனுமதிச் சீட்டு வாங்கி நம்பாலாங் போய் சரக்கு எடுத்து, பொழுது சாய்வதற்குள் திரும்புவது வழக்கமானது. போர்வை, செருப்பு, எலெக்ட்ரானிக்ஸ், பாக்கு... அங்கே வாங்கி இங்கே விற்று வீடு நடந்தது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக கேட் மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் மறுபடியும் ராணுவ ஆட்சி. 2023 மே மாதம் மணிப்பூரில் மெய்தி-குக்கி கலவரம் வெடித்தபோது மோரேயும் எரிந்தது. சண்டையில் சம்பந்தமே இல்லாத தமிழர்களின் வீடுகளும் அதில் போயின. ஏற்கெனவே அடுத்த தலைமுறை சென்னை, பெங்களூரு என்று கிளம்பிக்கொண்டிருந்தது. கலவரம் அதை வேகப்படுத்தியது.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு, 1,643 கி.மீ. நீள மியான்மர் எல்லை முழுவதும் வேலி போடப்போவதாக அறிவித்தது. எல்லையோர மக்கள் 16 கி.மீ. வரை விசா இல்லாமல் போய்வர இருந்த ஏற்பாடு ரத்து என்றார்கள். அந்த வருடக் கடைசியில் அது 10 கி.மீ. என்று சுருக்கப்பட்டு, பாஸ் முறைக்கு மாறியது.

போய்ப் பார்க்கணும்னு தோணுதா? மணிப்பூருக்குள் நுழையவே வெளிமாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். அதைவிட முக்கியம், அந்த வாரம் மலைப்பாதை நிலவரம் என்ன என்று இம்பாலில் விசாரித்துவிட்டுக் கிளம்புவது.