உட்சவ்வுக்கு அடியில்

வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியாகத்தான் இரைப்பைக்குள் முதலில் எட்டிப் பார்த்தார்கள். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 1868இல் அடால்ஃப் குஸ்மால் இறக்கியது நேரான உலோகக் குழாய், வெளிச்சம் போதவில்லை. 1932இல் ருடால்ஃப் ஷிண்ட்லரின் ஓரளவு வளையும் கருவி வந்தது. அதன் பார்வைக்கும் இரைப்பையின் சில மூலைகள் எட்டவில்லை.

வளைந்த பாதையில் படத்தைக் கடத்தும் வழியைக் காட்டியவர்களில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸுடன் அவர் செய்த கண்ணாடி இழை ஆய்வு 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது. அதைத் தொடர்ந்து மிச்சிகனில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் எண்டோஸ்கோப்பை உருவாக்கி, 1957இல் தாமே விழுங்கிப் பார்த்தார். கபானிக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2021இல், மறைந்த பிறகு.

புண்ணும் புற்றும் உட்சவ்விலேயே தோன்றுவதால் இந்தக் கருவிக்கு எளிதில் அகப்பட்டன. ஜிஸ்ட் எனப்படும் கட்டி, குளோமஸ் கட்டி, கொழுப்புக் கட்டி போன்ற அரியவை அப்படியல்ல. சவ்வுக்கு அடியில் வளர்பவை. கருவியில் தெரிவது வழவழப்பான ஒரு மேடு. பயாப்ஸி இடுக்கி பெரும்பாலும் மேலிருக்கும் நல்ல சவ்வைத்தான் கிள்ளும். அறிக்கையும் 'நார்மல்' என்றே வரும். 1980இல் எண்டோஸ்கோப்பின் முனையில் அல்ட்ராசவுண்ட் ஏறிய பிறகே கட்டி எந்த அடுக்கில் வேர்விட்டிருக்கிறது என்பது புலப்பட்டது.

ஜிஸ்ட்டை நெடுங்காலம் தசைக்கட்டி என்றே எண்ணினார்கள். 1983இல் அதற்குத் தனிப்பெயர் வந்தது. 1998இல் ஜப்பானின் ஹிரோட்டா குழு கிட் மரபணுவின் பிறழ்வைக் கண்டது. சில ஆண்டுகளில் அதற்கு இமாடினிப் மாத்திரையும் பயனுக்கு வந்தது.

எண்டோஸ்கோப் வழியாகவே கட்டியை அகற்றும் நுட்பம் 1990களில் ஜப்பானில் வளர்ந்தது: கட்டிக்கு அடியில் திரவம் செலுத்திச் சவ்வை உயர்த்தி, மின்கத்தியால் உரித்தெடுப்பார்கள். தொடக்கநிலைப் புற்றுக்காக வந்த முறை இது. தசையில் வேர்விட்ட ஜிஸ்ட்டில் கைவைத்தால் இரைப்பைச் சுவரே ஓட்டையாகலாம். உடனே கிளிப் போட்டு மூட வேண்டும். கட்டியின் உறை கிழிந்தால் உயிரணுக்கள் சிந்திப் பரவும் என்ற அச்சமும் உண்டு. அதனால் பெரிய கட்டிகள் இன்றும் லேப்ராஸ்கோப்பி வல்லுநரிடமே போகின்றன.

2 செ.மீ.க்குக் குறைந்த ஜிஸ்ட்டில் ஆபத்தான அறிகுறி இல்லையென்றால் வெட்டாமல், குறித்த இடைவெளியில் எண்டோ அல்ட்ராசவுண்ட் செய்து கண்காணிப்பதும் வழக்கம். ஊர் தொலைவாக இருந்தால் இந்தக் கண்காணிப்பே பெரிய சுமை. எடுத்துக்காட்டாக, நீலகிரி மலையிலுள்ள ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புதுக்கட்டடம் திறக்கப்பட்டது 2025 ஏப்ரலில்தான். அதுவரை நீலகிரிக்காரர்கள் உயர்சிகிச்சை என்றாலே கோவைக்கு மலையிறங்கிப் போய்வந்தார்கள்.