சிற்றுருவப் போர் விளையாட்டு

சிற்றுருவப் போர் விளையாட்டு என்பது மேசைமேல் சிறு வீரர் பொம்மைகளை அணிவகுத்து நிறுத்தி, அளவுநாடா, பகடை, எழுதிவைத்த விதிகள் ஆகியவற்றின் துணையோடு ஒரு போரை நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கு. சதுரங்கத்தைப் போல் இதில் பெரும்பாலும் கட்டங்கள் கிடையாது. காலாட்படை ஒரு முறைக்கு இத்தனை அங்குலம், குதிரைப்படை இத்தனை அங்குலம் என்று அளந்து நகர்த்துவார்கள். சுட்ட குண்டு பட்டதா, தாக்கப்பட்ட பிரிவு நின்றதா, ஓடியதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ரோமானியர் காலம் முதல் இரண்டாம் உலகப் போர் வரையிலான வரலாற்றுப் போர்களும், மந்திரவாதிகளும் விண்கலங்களும் வரும் கற்பனைப் போர்களும் இதில் அடங்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இது ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

பெரும்பாலான விளையாட்டுகள் பெட்டியைத் திறந்ததும் ஆடத் தயாராக இருக்கும். இது அப்படியல்ல. பொம்மைக்கு வண்ணம் பூச வேண்டும், குன்றும் மரமும் செய்ய வேண்டும், எதிராளி கிடைக்காத நாளில் இரு தரப்பையும் ஒருவரே ஆட வேண்டும். வசதி இல்லாதவர்களின் ஒப்பேற்றல் என்று இவற்றைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஆனால் இந்த விளையாட்டின் வரலாற்றைப் படித்தால், கைவேலையும் தனி ஆட்டமும் தொடக்கம் முதலே அதன் உயிர்நாடியாக இருந்து வந்திருப்பது தெரியும்.

பிரஷ்யாவில் தொடக்கம்

இதன் மூதாதை சதுரங்கம். ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் கணிதம் கற்பித்த யோஹான் ஹெல்விக், 1780-இல் சதுரங்கப் பலகையை 1,600-க்கும் மேற்பட்ட கட்டங்களாக விரித்தார். நிலத்தின் தன்மைக்கேற்பக் கட்டங்களுக்கு வெவ்வேறு நிறம் கொடுத்தார். பிற்காலத்தில் படை அதிகாரிகளாகப் போகும் மாணவர்களுக்குப் போர்க்கலையின் அடிப்படையைச் சொல்லித்தருவது அவர் நோக்கம்.

கட்டங்களை ஒழித்தவர் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் பிரபு. 1812-இல் அவர் மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்முக்குச் செய்து கொடுத்தது இழுப்பறைகள் வைத்த ஒரு மேசை. ஆறும் சாலையும் காடும் வரைந்த ஓடுகளை அதன்மேல் விரும்பியபடி மாற்றி அடுக்கி ஒரு நிலப்பரப்பை உருவாக்கலாம். அவருடைய மகன், ராணுவ அதிகாரியாக இருந்த இளைய ரைஸ்விட்ஸ், 1824-இல் அந்த ஆட்டத்தை 1:8000 அளவிலான வரைபடத்துக்கு மாற்றி முழுமையான விதிநூலை வெளியிட்டார். ஒரு முறை நகர்த்தல் என்பது இரண்டு நிமிடப் போருக்குச் சமம். படைத் தலைமையகத்தின் தலைவர் முஃப்லிங் ஆட்டத்தை நேரில் பார்த்து வியந்து, படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். அதை உருவாக்கிய இளைஞரோ 1827-இல் தற்கொலை செய்துகொண்டார்.

இளைய ரைஸ்விட்ஸின் ஆட்டத்தில் இரண்டு கூறுகள் கவனத்துக்குரியவை. ஒன்று, சண்டையின் விளைவைப் பகடையிடம் விட்டது. இரண்டாவது, நடுவர். ஆடுபவர்கள் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பார்கள். ஒரு தளபதியின் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவை மட்டும் நடுவர் வரைபடத்தில் காட்டுவார். மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது அங்கே போகும்வரை தெரியாது. இந்த நடுவரை இழந்ததுதான் பிற்காலப் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களின் பெரிய குறை. அவரை ஈடுகட்டச் செய்த முயற்சிகளின் தொகுப்பே இன்றைய தனி ஆட்டம் என்றுகூடச் சொல்லலாம்.

வீட்டுத் தரைக்கு வந்தது

ராணுவத்திடமிருந்து இந்த ஆட்டம் எழுத்தாளர்களின் கைக்கு வந்தது. 1881–82 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நோய்க்காகத் தங்கியிருந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், மனைவியின் மகனான லாய்ட் ஆஸ்போர்னுடன் பரண் அறையின் தரையில் சாக்கட்டியால் மலை, நதி, ஊர்களை வரைந்து ஈய வீரர்களை வைத்து ஆடினார். போர்ச் செய்திகளைக் கற்பனை நாளேடுகளின் நடையில் எழுதியும் வைத்தார்.

1893-இல் லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, வெளிப்புறம் இறுகியதும் உள்ளே இருப்பதைக் கொட்டிவிடுவார்கள். உலோகச் செலவு குறைந்தது. ஜெர்மானிய இறக்குமதியைவிட மலிவான வீரர்கள் கிடைத்தார்கள். அந்த வீரர்களைத்தான் எச். ஜி. வெல்ஸ் எடுத்துக்கொண்டார்.

வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ பொதுமக்களுக்கான போர் விளையாட்டின் முதல் பெரிய நூல். அதன் விதிகள் சில பக்கங்களில் முடிந்துவிடும். காலாட்படை ஒரு முறைக்கு ஓர் அடி, குதிரைப்படை இரண்டு அடி. அளப்பதற்கு வெட்டிவைத்த கயிறு. பீரங்கி சுட வேண்டுமானால் அதற்கு ஆறு அங்குலத்துக்குள் குறைந்தது நான்கு வீரர்கள் நிற்க வேண்டும். சுடுவதில் பகடைக்கு இடமே இல்லை. விசைவில் பொருத்திய பொம்மைப் பீரங்கி மரக்குச்சித் துண்டை உண்மையாகவே எறியும். விழுந்த வீரன் இறந்தவன். போர்க்களத்தை அமைக்க வீட்டில் கிடைத்ததெல்லாம் பயன்பட்டது, கலைக்களஞ்சியத்தின் கனத்த தொகுதிகள் உட்பட. நூலின் கடைசிப் பகுதியில் வெல்ஸ் உண்மைப் போரைக் கடுமையாகச் சாடுகிறார். பொம்மைப் போரே போதும், மனிதருக்கு இன்னொன்று வேண்டாம் என்பது அவர் வாதம். மறு ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது.

பொழுதுபோக்காக நிலைத்தல்

இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு, 1950களின் இறுதியில்தான் இது ஓர் ஒழுங்கான பொழுதுபோக்காகத் திரண்டது. கலிஃபோர்னியாவின் ஜாக் ஸ்க்ரூபி மலிவான வீரர்களை வார்த்து விற்றார். 1957-இல் ‘வார் கேம் டைஜஸ்ட்’ இதழைத் தொடங்கினார். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றி, பின்னர் அந்த ஊர்க் கால்பந்து அணிக்கு இயன்முறைச் சிகிச்சையாளராக இருந்தவர். 1962-இல் வந்த அவருடைய ‘வார் கேம்ஸ்’ ஒரு தலைமுறையையே இதற்குள் இழுத்தது. அதே ஊரின் டோனி பாத் பண்டைக் காலப் போர்களுக்கு விதி எழுதினார். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் வீரர்கள் ஒரு பெட்டி சில ஷில்லிங்குக்குக் கிடைத்ததால் பள்ளி மாணவர்களாலும் படை திரட்ட முடிந்தது.

இதே ஓடையிலிருந்து இன்னொரு பெரிய ஆறும் பிரிந்தது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ இடைக்காலப் போருக்கான சிற்றுருவ விதிநூல். 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதிலிருந்து கிளைத்தது. வணிக அளவில் இன்று முன்னணியில் இருப்பது நாட்டிங்ஹாமின் கேம்ஸ் வொர்க்‌ஷாப். அதன் ‘வார்ஹேமர்’ 1983-இலும், எதிர்கால உலகில் நடக்கும் ‘வார்ஹேமர் 40,000’ 1987-இலும் வந்தன. பலருக்கு இந்தப் பொழுதுபோக்கு என்றாலே வார்ஹேமர்தான். அதன் சிற்பத் தரம் உயர்ந்தது, விலையும் உயர்ந்தது. அதை வாங்க முடியாதவர் இந்த விளையாட்டுக்குள் வர முடியாது என்ற எண்ணம் பரவியிருப்பது வருத்தத்துக்குரியது. அது தவறான எண்ணம்.

உருவ அளவுகள்

பொம்மையின் அளவை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 28 மி.மீ. இப்போது பரவலானது, 15, 10, 6 மி.மீ. அளவுகளும் உண்டு. 6 மி.மீ. வீரனுக்கு முகம் தெரியாது, ஆனால் சிறு மேசையிலும் ஒரு முழுப் படையின் தோற்றம் கிடைக்கும். ஒரு பொம்மை ஒரு மனிதனையும் குறிக்கலாம், இருபது முப்பது பேரையும் குறிக்கலாம். அது விதிநூலைப் பொறுத்தது. பெரிய மேசையும் நூற்றுக்கணக்கான பொம்மைகளும் கட்டாயமல்ல. 1990-இல் வந்த ‘டிபிஏ’ விதிநூல் ஒரு படையைப் பொம்மைகள் ஒட்டிய பன்னிரண்டு தளங்களுக்குள் அடக்கியது. நீல் தாமஸின் ‘ஒன் அவர் வார்கேம்ஸ்’ (2014) மூன்றடிச் சதுர மேசை, பக்கத்துக்கு அதிகபட்சம் ஆறு படைப்பிரிவு, பதினைந்து முறை நகர்த்தல், முப்பது போர்ச் சூழல்கள் என்று இன்னும் சுருக்கியது. தொடங்குகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நூல் அரிது.

தனி ஆட்டம்

எதிராளி கிடைக்காதது மட்டுமே தனி ஆட்டத்துக்குக் காரணமல்ல. பல நாள் நீளும் படையெடுப்பை நிதானமாக ஆடவும், ஒரு வரலாற்றுப் போரில் தளபதி வேறு முடிவெடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சோதிக்கவும் பலர் தனியாகவே ஆடுகிறார்கள். ஃபெதர்ஸ்டோன் இதற்கென்றே 1973-இல் ‘சோலோ வார்கேமிங்’ என்ற நூலை எழுதினார். தனியாக ஆடுவோருக்கான ‘லோன் வாரியர்’ இதழ் 1970களில் தொடங்கியது.

தனி ஆட்டத்தின் சிக்கல் எளிதில் புரியக்கூடியது. எதிரியின் திட்டம் ஆடுபவருக்கு முன்பே தெரியும், ஏனென்றால் அதை வகுத்தவரும் அவரே. ஆகவே முடிவின் ஒரு பகுதியைத் தன் கையிலிருந்து பிடுங்கிப் பகடையிடமோ சீட்டுக்கட்டிடமோ ஒப்படைக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பாலத்தையும் அதை ஒட்டிய கிராமத்தையும் எதிரி காவல் காக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நம் படை பன்னிரண்டு அங்குலத் தொலைவுக்குள் வந்ததும் எதிரித் தளபதிக்கு மூன்று வழிகள்: கிராமத்திலேயே நின்று சண்டையிடுவது, பாலத்தைக் கடந்து பின்வாங்குவது, வெளியே பாய்ந்து தாக்குவது. இம்மூன்றையும் தாளில் எழுதி, முதலாவதற்குப் பகடையின் 1, 2, 3; இரண்டாவதற்கு 4, 5; மூன்றாவதற்கு 6 என்று ஒதுக்க வேண்டும். பிறகு பகடையை உருட்டி, ஆறு விழுந்தால் அது எவ்வளவு முட்டாள்தனமாகத் தோன்றினாலும் எதிரிக் காலாட்படையை வெளியே கொண்டுவந்தே தீர வேண்டும். மறுபடி உருட்டிப் பார்க்கலாமே என்று மனம் சொல்லும். அதற்கு இணங்கினால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும். துணிச்சலான தளபதியானால் தாக்குதலுக்கு இரண்டு எண், தயங்குபவரானால் பின்வாங்கலுக்கு மூன்று எண் என்று ஒதுக்கீட்டை மாற்றினால் எதிரிக்கு ஒரு குணம் வந்துவிடும். டோனி பாத் தன் கற்பனைக் கண்டமான ஹைபோரியாவின் மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் சீட்டுகளை எடுத்தே குணங்களை நிர்ணயித்தார். அதனால் அவருடைய நீண்ட படையெடுப்புகளில் துரோகமும் விசுவாசமும் தாமாகவே முளைத்தன.

வேறு உத்திகளும் உண்டு. சீட்டுக்கட்டைக் கலைத்து ஒவ்வொன்றாக எடுத்து, சிவப்பு வந்தால் ஒரு தரப்பின் பிரிவும் கறுப்பு வந்தால் மறு தரப்பின் பிரிவும் நகரலாம். அடுத்து யார் என்பது யாருக்கும் தெரியாது. எதிரிப் பிரிவுகளுக்குப் பதிலாகக் கவிழ்த்த அட்டைகளை மேசையில் வைத்து, அவற்றில் பாதியை வெற்று அட்டைகளாக விடலாம். நம் சாரணர் அருகே போய்ப் புரட்டும்போதுதான் அங்கே குதிரைப்படை நிற்கிறதா, வெறும் தூசிதானா என்று தெரியும். ரைஸ்விட்ஸின் நடுவர் செய்த வேலையைக் கவிழ்த்த அட்டை இப்படிச் செய்துவிடுகிறது. ஜோசப் மெக்கல்லோவின் ‘ரேஞ்சர்ஸ் ஆஃப் ஷேடோ டீப்’ (2018) போன்ற அண்மைக்கால விதிநூல்கள் எதிரியின் நடத்தையை முழுவதும் விதிகளாலேயே இயக்கி, தனி ஆட்டத்தை மையமாக வைத்தே எழுதப்பட்டவை.

எதிராளியோடு ஆடுவதைவிட இது தாழ்ந்தது என்ற கருத்தை ஏற்க முடியாது. எதிராளி முன்னால் இருக்கும்போது வெற்றியில் கண். தனியாக ஆடும்போது போரின் போக்கில் கண். இரண்டும் வேறு வேறு இன்பங்கள்.

கைவேலை

மரம், வேலி, வீடு, மலை, பாலம், பகடைத் தட்டு, அளவுக்குச்சி என்று எல்லாமே இப்போது விலைக்குக் கிடைக்கின்றன. ஆனாலும் பழைய ஆட்டக்காரர்களின் மேசையில் பாதிக்கு மேல் கையால் செய்ததாகவே இருக்கும். 1960களில் படையெடுப்பு ஆடியவர்கள் காலித் தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி ஒரு குட்டி அலமாரி செய்தார்கள். வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தீப்பெட்டி. படை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தப் பெட்டிக்குள் அதன் சீட்டு போகும். இரு தரப்புச் சீட்டுகளும் ஒரே பெட்டிக்குள் சந்தித்தால் மேசையில் போர் தொடங்கும். எதிரியின் இருப்பை மறைக்க இதைவிட மலிவான கருவி இன்றுவரை வரவில்லை.

குன்று செய்வதைப் பார்ப்போம். சாதாரணத் தெர்மாகோல் மணிமணியாக உதிரும். கட்டடங்களில் வெப்பத்தைத் தடுக்கப் பதிக்கும் நீல, இளஞ்சிவப்பு நிறக் கெட்டி நுரைப்பலகை நன்றாக வெட்டுப்படும். அதில் இரண்டு செ.மீ. கனமுள்ள துண்டுகள் இரண்டை, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். ஓரத்தை முழுச் சரிவாகச் சீவினால் பார்க்க இயல்பாக இருக்கும், ஆனால் வீரர்கள் வழுக்கி விழுவார்கள். நிற்கும் இடங்களைத் தட்டையாகவும் ஓரத்தை மட்டும் சற்றுச் சாய்வாகவும் விடுவது நடைமுறைக்கு ஏற்றது. மேலே ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, சலித்த மணலைத் தூவி, ஒருநாள் காயவிட வேண்டும். அடர்பழுப்பு அக்ரிலிக் பூசிக் காய்ந்தபின், கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் வெளிர்மஞ்சளைத் தொட்டு மேலோட்டமாகத் தேய்த்தால் மணலின் முனைகள் மட்டும் ஒளிரும். மண் மண்ணாகத் தெரியும். ஸ்ப்ரே பெயின்ட்டை நேரடியாக அடித்துவிடக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் நுரைப்பலகையை அரித்துக் குழி குழியாக்கிவிடும். சூடான கம்பியால் வெட்டுபவர்கள் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். பழைய ஈயப் பொம்மைகளைத் தொட்டவர்கள் சாப்பிடுவதற்கு முன் கை கழுவ வேண்டும்.

மற்ற துணைப்பொருட்களில் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்துவது நகர்த்துத் தட்டு. இருபது வீரர்களை ஒவ்வொருவராக நகர்த்தாமல், விளிம்பு வைத்த அட்டைத் தட்டில் நிறுத்தி ஒரே தள்ளில் நகர்த்தலாம். தட்டில் காந்தத் தகடும் வீரனின் அடியில் இரும்பு வாஷரும் ஒட்டினால் கவிழாது. ஐஸ் குச்சிகள் வேலியாகும். முறுக்கிய கம்பியும் பிய்த்த பஞ்சும் மரமாகும். செயற்கை ரோமத் துணியைக் கத்தரித்துப் பச்சை, பழுப்பு அக்ரிலிக் தடவிச் சீப்பால் வாரினால் காய்ந்த புல்வெளி கிடைக்கும். பொம்மைகூட வாங்க வேண்டியதில்லை. தாளில் அச்சிட்டு வெட்டி அட்டையில் ஒட்டிய காகித வீரர்களைக் கொண்டே முழுப் போர்களை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு முதல் செலவு தேவையே இல்லை. வெல்ஸின் ‘லிட்டில் வார்ஸ்’ காப்புரிமைக் காலம் முடிந்த நூல். குட்டன்பர்க் திட்டத்தின் மின்நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். பக்கத்துக்கு ஒரு டஜன் காகித வீரர்கள், ஒரு கயிறு, பொம்மைப் பீரங்கிக்குப் பதிலாக ஒரு பகடை, அடுக்கிவைக்கச் சில தடித்த புத்தகங்கள் இருந்தால் முதல் போரை இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆடிவிடலாம்.