ரேந்தை பின்னிய கைகள்



விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும், இரவெல்லாம் கடலில் கிடந்து திரும்புகிறவர்களும், அண்டி ஆபீசில் கை கறுக்க முந்திரி உடைக்கிறவர்களும் நிறைந்த மாவட்டம் நம்முடையது. இவர்களிடம், "வேலையில் மகிழ்ச்சி காணுங்கள்" என்று மறையுரை சொல்வது எளிது. களைத்த உடம்போடு அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் கடினம். ஆகவே இன்று அறிவுரை வேண்டாம். நம் பெண்களின் கைவேலை ஒன்றின் வரலாற்றை நினைத்துப் பார்ப்போம்.

ரேந்தை என்றால் நம் பாட்டிமாருக்குத் தெரியும். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல் அது. இப்போது லேஸ் என்கிறோம்.

1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், இங்குள்ள பெண்களுக்கு இந்தக் கைவேலையைக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் சீர்திருத்த சபையினர். நாம் நன்றி சொல்ல அது தடையாகாது. அன்று திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது. 1855இல்தான் அரசு அதை முற்றாக ஒழித்தது. அதற்கு முன்பே, ரேந்தை பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் இங்கே இருந்தார்கள். தோள்சீலை அணிந்ததற்காக நம் பெண்கள் தெருவில் அடிபட்ட காலமும் அதுவே. 1859இல் வந்த அரச ஆணைகூட, உயர்சாதிப் பெண்களைப் போல அணிய இடம் கொடுக்கவில்லை. தோளை மூட உரிமை மறுக்கப்பட்டவள், யாரோ ஒரு சீமாட்டியின் கழுத்துப்பட்டைக்கு ரேந்தை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த ஊசியையும் நூலையும் நினைக்கும்போது நமக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பெயரிலேயே மிளகு மணக்கும் ஊர் முளகுமூடு. அன்று அது கொல்லம் மறைமாவட்டத்தில் இருந்தது. அங்கே கார்மேல் சபைக் குருக்கள் தொடங்கிய அநாதைப் பிள்ளைகள் இல்லத்தைக் கவனிக்க ஆள் தேவைப்பட்டது. 1897 நவம்பர் 7ஆம் நாள் பெல்ஜியத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் அன்னை மரி லூயிஸ் டி மீஸ்டர். அப்போது அவருக்கு வயது 40. மற்றவர் ஓர் இளம் நவதுறவி. (ஐந்து வாரங்களுக்கு முன்புதான், பிரான்சின் லிசியே மடத்தில், சின்னச் சின்ன வேலைகளையும் அன்போடு செய்து வாழ்ந்த தெரேசம்மாள் இறந்திருந்தார். அந்தப் பெயரை அன்று முளகுமூட்டில் யாரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.) அந்த இருவரிலிருந்து பிறந்த துறவறசபை பின்னர் பிலிப்பைன்சுக்கும் வேறு பல நாடுகளுக்கும் பரவியது.

அன்னை மரி லூயிஸ் துறவியாக வாழ்ந்த ஈப்பர் நகரம் ரேந்தைக்குப் பேர்போனது. முளகுமூட்டுப் புனித யோசேப்பு கன்னியர் மடத்திலும் பிள்ளைகள் அந்த வேலையைப் படித்தார்கள். மடியில் ஒரு கெட்டித் தலையணை, அதன்மேல் துளைகள் குத்திய வரைதாள், துளைதோறும் குண்டூசி. நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளைக் கைகளால் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போகவேண்டும். ஒரு கட்டை இடம் மாறினால் பூ கெட்டுவிடும். பிரித்துத்தான் மறுபடி பின்னவேண்டும். கரி படிந்த கையால் வெள்ளை நூலைத் தொடமுடியாது. நாள் முழுவதும் குனிந்திருந்தாலும் விரலளவுதான் வளரும். கண்ணும் கழுத்தும் நோகும்.

இதில் மகிழ்ச்சி எங்கே இருந்தது? அந்தப் பெண்கள் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். கூலி என்று ஒன்று அவர்கள் கைக்கே வந்தது. இதைச் சிறிதென்று எண்ணக்கூடாது. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதிய சுற்றுமடல், தொழிலாளி வாழப் போதுமான கூலி நீதியின் கடன் என்றது. அதை மறந்துவிட்டு வேலையின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும் மறையுரை பாதி மறையுரைதான்.

மறுபாதி நாசரேத்தில் இருக்கிறது. நம் ஆண்டவர் போதித்தது சுமார் மூன்று ஆண்டுகள். அதற்குமுன் பல ஆண்டுகள் தச்சராக வேலை செய்தார். அவர் செய்த ஒரு கலப்பையைப் பற்றியோ கதவைப் பற்றியோ நற்செய்தி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. யார் வாங்கினார்கள் என்றும் தெரியாது. தந்தை பார்த்தார், அது போதுமாயிருந்தது. எந்த வேலையையும் ஆண்டவருக்கென்று உளமாரச் செய்யுங்கள் என்று பவுலடியார் கொலோசையருக்கு எழுதியபோது, அதை முதலில் கேட்டவர்கள் அடிமைகள். கூலியும் பேரும் இல்லாதவர்கள். அதை வாசிக்கும்போது நம் ரேந்தைப் பெண்களின் முகம் நமக்கு வருகிறது. தாங்கள் பின்னியதை யார் உடுத்துவார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் தப்பிய கண்ணியைப் பிரித்துத் திரும்பப் பின்னினார்கள்.

அந்தத் தலைமுறை போய்விட்டது. இப்போது எந்திர ரேந்தை மீட்டர் கணக்கில் கடையில் கிடைக்கிறது. பல ஆலயங்களில் பீடத்துணியின் ஓரத்தில் இருப்பதும் அதுதான். உங்கள் பங்கின் பழைய அலமாரியில், மஞ்சளடித்த பீடத்துணியோ குருவின் வெண்ணாடையோ மடித்துவைத்திருந்தால், கோயில்பிள்ளையிடம் கேட்டு ஒருமுறை விரித்துப் பாருங்கள். கையால் பின்னியதென்றால் எங்காவது ஓர் இடத்தில் பூ இம்மியளவு சரிந்திருக்கும்.