ஹாமின் கட்டுரையும் பழைய வால்வுகளின் குரலும்

முல்லார்டு என்றால் கதகதப்பு, டெலிஃபுங்கன் என்றால் தெளிவு. பழைய ஈசிசி83 வால்வுகளைப் பற்றி எழுதியவர்களில் ஒரு சாரார் இப்படித் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை ஜாதகம் கணித்து வைத்திருக்கிறார்கள். சான்று கேட்டால், ரஸ்ஸல் ஹாம் 1973 மே மாதம் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையை எடுத்து நீட்டுகிறார்கள். அந்தக் கட்டுரை இந்த ஜாதகத்துக்குச் சாட்சி சொல்லவில்லை.

ஹாம் ஆராய்ந்தது ஒலிப்பதிவுக் கூடத்தின் மைக் ப்ரீஆம்ப்களை. மைக்கை ஒட்டி நின்று ஓங்கிப் பாடும்போது எழும் திடீர் உச்சங்கள் கருவியின் தாங்குசக்தியை மீறினால் என்ன ஆகும் என்பதே அவர் கேள்வி. அந்த மிகைச்சுமையில் டிரையோடு வால்வு இரண்டாம் ஹார்மோனிக்கைத் தூக்கலாகத் தருகிறது, டிரான்சிஸ்டர் மூன்றாவதைத் தருகிறது என்று கண்டார். அவர் எதிரெதிரே நிறுத்தியது வால்வையும் டிரான்சிஸ்டரையும். முல்லார்டு பிளாக்பர்னில் செய்த வால்வையும் டெலிஃபுங்கன் உல்மில் செய்த வால்வையும் அல்ல. தலைப்பை வாசித்தாலே இது தெரிந்துவிடும்.

மிகைச்சுமை பற்றிய முடிவையாவது வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்றால், கணக்கு இடம் கொடுக்கவில்லை. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட் அளவு. முதல் வால்வு அதை 60 மடங்கு பெருக்கினாலும் 0.3 வோல்ட்தான். சிடி பிளேயரின் 2 வோல்ட்டும் வால்யூம் குமிழைக் கடந்து கிரிட்டுக்கு வரும்போது, வீட்டில் கேட்கும் அளவில், மிகச் சிறுத்துவிடும். ஹாம் அளந்த பேட்டைக்கே இந்த வால்வுகள் போவதில்லை.

ஆனாலும் வால்வை மாற்றினால் ஒலி மாறத்தான் செய்கிறது. டேட்டாஷீட்படி ஈசிசி83-இன் பெருக்கக் காரணி 100, தகட்டுத் தடை 62,500 ஓம். 1,00,000 ஓம் சுமையில் அது சுமார் 61 மடங்கு பெருக்கும். உழைத்துத் தேய்ந்ததில் தகட்டுத் தடை மட்டும் 80,000 ஓமுக்கு ஏறியிருந்தால், பெருக்கம் 56-க்கு அருகில் இறங்கும். வித்தியாசம் கிட்டத்தட்ட 0.9 டெசிபல். இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் காது ‘சத்தம் கூடிவிட்டது’ என்று எடுத்துக்கொள்வதில்லை, ‘குரலுக்கு உடம்பு வந்துவிட்டது’ என்றே எடுத்துக்கொள்கிறது. அளவைச் சமன்படுத்தாத ஒப்பீடுகளை இங்கேயே ஓரம்கட்டிவிடலாம்.

இன்னொன்று மில்லர் விளைவு. கிரிட்டுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள 1.6 பைக்கோஃபாரட், அந்தப் பெருக்கத்தில் ஏறத்தாழ 100 பைக்கோஃபாரட்டாக வீங்குகிறது. முன்னால் 1 மெகா ஓம் வால்யூம் கன்ட்ரோல் பாதி அளவில் நின்றால், சுமார் 6,400 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் சரிவு; 1,00,000 ஓம் கன்ட்ரோல் என்றால் அது 64,000 ஹெர்ட்ஸுக்கு விலகி, காதுக்கு எட்டாமல் போய்விடும். தகட்டின் அமைப்பு சற்று மாறி இந்தக் கொள்திறன் கூடினாலோ குறைந்தாலோ, முதல் கருவியில் அது ‘கதகதப்பு’. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. குணம் வால்வினுடையது மட்டுமன்று, சுற்றினுடையதும்தான் என்று கொள்ள இதுவே போதும்.

தேர்ந்த செவிக்கு முன் மீட்டர் எம்மாத்திரம் என்பார்கள். அந்தச் செவி, பெயரைப் பார்க்காமல் ஒருமுறை கேட்டுச் சொல்லட்டும்.

வால்வுக்கு வால்வு உண்மையாகவே வேறுபடுவது மைக்ரோஃபோனி. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரீஆம்பில் பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை லேசாகத் தட்டினால், சில வால்வுகள் ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று மணியடிக்கும்; அதே பெயர் தாங்கிய பக்கத்து வால்வு வாய் திறக்காது. இதைத் தொழிற்சாலையின் கணக்கில் எழுத இன்னும் ஆதாரம் போதவில்லை.

போதாக்குறைக்கு, தொழிற்சாலை எது என்பதே பெயரில் தெரியாது. ஒரு நிறுவனம் செய்ததை இன்னொன்று தன் பெயரில் விற்பது அன்று வழக்கம். முல்லார்டின் வெள்ளை எழுத்து, விரலால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும். கண்ணாடியின் அடியில் உள்ள மங்கலான குறியீட்டில் ‘பி’ என்றால் பிளாக்பர்ன். அடுத்த இலக்கம் ஆண்டு. அதுவும் ஒற்றை இலக்கம்: ‘6’ என்பது 1956 ஆகவும் இருக்கலாம், 1966 ஆகவும் இருக்கலாம்.