பேச்சுப் பயிற்சியில் பருவகாலக் கைவினைகளும் விளையாட்டுகளும்

பேச்சு, மொழி வளர்ச்சியில் தாமதமுள்ள குழந்தைகளுக்கான பயிற்சி அமர்வுகளில், நடப்புப் பருவத்தையோ பண்டிகையையோ ஒட்டி அமையும் செயல்பாடுகள். ஒரே ஒலியை அல்லது சொல்லைச் சலிப்பின்றிப் பலமுறை சொல்லவைப்பது இவற்றின் முதன்மை நோக்கம்.

தமிழ் பேசும் குழந்தைகளுக்கு, மழைக்காலக் காகிதக் கப்பலும் பொங்கல் பானை ஓவியமும் ‘ப’ ஒலிக்கு உதவும். நவராத்திரிக் கொலுப்படியில் பொம்மை அடுக்கும்போது மேலே, கீழே, பக்கத்தில் ஆகிய இடச்சொற்கள் பழகும். கோடை விடுமுறையில் ஆடும் பல்லாங்குழி, முறை காத்திருக்கவும் எண்ணவும் பழக்கும். செய்த பொருளின் படிகளைச் சொல்லவைத்தால் கோவையாக விவரிக்கும் திறன் வளரும்.

ப, ம ஆகிய உதட்டொலிகள் முன்னதாகவும் ழ, ற பிந்தியும் கைவருவதால், சிகிச்சையாளர் குழந்தையின் நிலைக்கேற்பச் சொற்களைத் தேர்வார். காற்றாடி ஊதுதல் போன்ற பேச்சில்லா வாய்ப்பயிற்சிகள் உச்சரிப்பைத் திருத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.